கிரேனுக்கு வைத்த பெயர்

டெர்நியூசன் என்ற துறைமுக ஊரில் ரொட்டி வாங்க எல்லாரும் சர்ச் தெரு முனைக் கடைக்குத்தான் போவார்கள். கிரீனா மட்டும் எதிர்காற்றில் சைக்கிள் மிதித்து, மூன்று கிலோமீட்டர் தள்ளி இருந்த அடுத்த ஊருக்குப் போவாள். மழையானாலும் சரி, பனியானாலும் சரி, முப்பத்தாறு வருஷம் அப்படிப் போனாள். முனைக்கடைக்காரியின் பெயர் ஆகாத்தா. அது ஒன்றுதான் காரணம்.

ஆகாத்தா பெரிய குற்றம் எதையும் செய்துவிடவில்லை. கிரீனாவின் புருஷன் மரீனஸ் கல்யாணமாகாத பையனாக இருந்தபோது அவனோடு ஒரு கோடைக்காலம் சுற்றினாள். பிறகு ரொட்டிக்கடைக்காரனைக் கட்டிக்கொண்டு போய்விட்டாள். அதோடு முடிந்திருக்க வேண்டிய கதை. ஆனால் அந்தக் கோடையில்தான் துறைமுகத்துக்கு முதல் கிரேன் வந்து தொலைத்தது.

1972-ல் ஆற்றோரச் சேற்று நிலத்தில் மணலைக் கொட்டி மேடாக்கி, மூட்டை கட்டாமல் மலைமலையாக வரும் சரக்கை இறக்க ஒரு துறை அமைத்தார்கள். முதலில் இரும்புத்தாது, அப்புறம் நிலக்கரி. முதல் கப்பலில் முதல் வாய் சரக்கை அள்ளும் ஓட்டுநரே கிரேனுக்குப் பெயர் வைக்கலாம் என்று ஒரு வழக்கம். இருபத்தைந்து வயது மரீனஸ் காதல் கிறுக்கில் இருந்தான். ஆள் உயர வெள்ளை எழுத்தில் 'ஆகாத்தா' என்று எழுதச் சொன்னான். பெயிண்ட் காய்ந்த மூன்றாவது வாரம் அவள் அவனை உதறிவிட்டாள். எழுதிய பெயரை அழித்தால் கிரேனின் வடம் அறுந்து யாராவது சாவார்கள் என்று துறைமுகத்தில் எல்லாருக்கும் பயம். அதனால் பெயர் அங்கேயே நின்றது.

அடுத்த வருஷம் கிரீனா மரீனஸைக் கட்டிக்கொண்டாள். துறைமுகக் கேன்டீனில் பட்டாணி சூப் ஊற்றும் வேலையும் அவளுக்குக் கிடைத்தது. அதுதான் வினையாகப் போயிற்று. கிரேன் ஓட்டுநர்கள் வயர்லெஸ்ஸில் பேசுவது கேட்கும்படி கேன்டீன் சுவரில் ஒரு ஒலிபெருக்கி மாட்டியிருந்தார்கள். அதில் நாள் முழுக்க மரீனஸின் குரல்.

"ஆகாத்தா, சனியனே, கொஞ்சம் நகரேன்!"

மற்றவர்களுக்கு அது வசவு. கிரீனாவின் காதுக்கு மட்டும் கொஞ்சலாகக் கேட்டது. பொறாமைக்காரியின் காது அப்படித்தான். அவளைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

மேஸ்திரி ஸ்டோஃபெல் வேறு சும்மா இருக்கமாட்டான். "கிரீனா, உன் சக்களத்தி இன்னைக்கு நாப்பதாயிரம் டன் இறக்கிட்டா, தெரியுமா?" என்பான். அன்று அவன் சூப்பில் தொத்திறைச்சித் துண்டு ஒன்றுகூட விழாது.

தாது வந்த வாரம் ஊரெல்லாம் கொடியில் துணி சிவக்கும். நிலக்கரி வந்த வாரம் கறுக்கும். மற்ற பெண்கள் கம்பெனியைத் திட்டினார்கள். கிரீனா மட்டும் "அவளோட அழுக்கு" என்று சொல்லித் துவைத்தாள்.

"இன்னைக்கு ஆகாத்தாவுக்கு உடம்பு சரியில்ல. எண்ணெய் ஒழுகுது," என்பான் மரீனஸ், சாப்பிடும்போது.

"டாக்டரக் கூப்பிடு. எங்கிட்ட ஏன் சொல்ற?"

"அம்மா, அது இரும்பு," என்பான் மரீனஸ்.

"இரும்புன்னா, ஞாயித்துக்கிழமைகூட போய் எண்ணெய் தடவிட்டு வரியே, அது எதுக்கு?"

மூத்த மகன் பேசத் தொடங்கியதிலிருந்து மரீனஸும் அவளை 'அம்மா' என்றே கூப்பிட்டான். அந்த ஊரில் பாதி ஆண்கள் அப்படித்தான்.

2009-ல் கிரேனை வெட்டி எடைக்குப் போட முடிவாயிற்று. புதியது ஒன்று வந்து நின்றது. மரீனஸ் ஓய்வு பெற ஒரு மாதம் இருந்தது. மரியாதைக்காக முதல் வாய் அள்ளும் உரிமையை அவனுக்கே கொடுத்தார்கள். "இந்தத் தடவை என்ன பேருன்னு ஊருக்கே தெரியும்," என்று ஸ்டோஃபெல் கண்ணடித்தான். கிரீனா போய் நீல நிறத்தில் ஒரு கோட்டு வாங்கினாள், முடியைச் சுருட்டிக்கொண்டாள். கிரேனில் எழுதும் பெயர் தன் சமையலறை ஜன்னலிலிருந்து தெரியும் என்று பார்த்துவைத்தாள். ரொட்டிக்கடை வாசலிலிருந்து இன்னும் நன்றாகவே தெரியும். அதையும் போய்ப் பார்த்துவிட்டுத்தான் வந்தாள்.

விழா நாளில் மரீனஸ் முதல் வாய் நிலக்கரியை அள்ளிக் கொட்டினான். பெயரை மறைத்திருந்த திரையை இழுத்தார்கள். 'ஸ்கெல்ட்' என்று எழுதியிருந்தது. அது ஊரை ஒட்டி ஓடும் ஆற்றின் பெயர்.

எல்லாரும் கை தட்டினார்கள். ஸ்டோஃபெல் குனிந்து தன் செருப்பைப் பார்த்தான். கூட்டத்துக்கு இனிப்பு ரொட்டி கொண்டுவந்திருந்த ஆகாத்தா, கிரீனாவிடம் தட்டை நீட்டினாள். கிரீனா வேண்டாம் என்று தலையாட்டினாள்.

வீட்டுக் கதவு சாத்தியதும் பிடித்துக்கொண்டாள். "மூணு மாசம் சுத்தினவளுக்கு ஒரு கிரேன். மூணு புள்ள பெத்தவளுக்கு ஒண்ணுமில்ல!"

"அம்மா, கொஞ்சம் கேளு. அந்தப் பேரச் சொல்லி நாங்க எவ்வளவு திட்டியிருக்கோம்! துரு பிடிக்குது, புறா எச்சம் போடுது, கடைசியில துண்டு துண்டா வெட்டி எடைக்குப் போடறான். உன் பேர அங்க ஏத்திவச்சு, வர்றவன் போறவன்லாம் காறித் துப்பணுமா?"

வேறொருத்தியாக இருந்தால் இதைக் கேட்டு உருகியிருப்பாள்.

"திட்டினா திட்டட்டும்," என்றாள் கிரீனா. "முப்பத்தாறு வருஷமா தினமும் அவ பேரச் சொன்ன. என் பேர கடைசியா எப்ப சொன்ன? சொல்லு பாப்போம்."

மரீனஸ் யோசித்தான். நிஜமாகவே யோசித்தான்.

"நகராட்சி ஆபீஸ்ல... நம்ம கல்யாணத்தன்னிக்கு."

"அதுவும் பதிவாளர்தான் சொன்னாரு. நீ 'ஆமா'ன்னு மட்டும் சொன்ன."

மரீனஸ் காபி போடலாம் என்று சமையலறைக்குப் போனான். அவளும் பின்னாலேயே வந்து, கோட்டைக்கூடக் கழற்றாமல், அலமாரியை மறித்துக்கொண்டு நின்றாள். கப்பு அவளுக்குப் பின்னால் இருந்தது. மரீனஸ் தொண்டையைச் செருமினான்.

"கிரீனா... சனியனே... கொஞ்சம் நகரேன்."

குரல் நடுங்கியது. கிரீனாவுக்குக் கண் நிறைந்துவிட்டது. ஆனாலும் விடவில்லை.

"அவகிட்ட சொன்னப்ப இப்படித் தடுமாறல நீ. இன்னொரு தடவ சொல்லு," என்றாள். இடத்தை விட்டு நகரவுமில்லை.