ஜாவா மட்டும் நம்பாத சான்றிதழ்

குடவாசல் பக்கம் ஒரு நவீன அரிசி ஆலையில் கம்ப்யூட்டர் வேலைகளை நான் ஒருத்திதான் பார்த்துக்கொண்டிருந்தேன். லாரி எடை, நெல்லின் ஈரப்பதம், விவசாயிகளுக்கான பணம் எல்லாம் ஜாவா என்ற கணினி மொழியில் எழுதிய ஒரு சர்வர் வழியாகத்தான் போகும். குறுவை அறுவடை மும்முரத்தில் ஒரு காலை, அது வங்கியோடு பேச மறுத்துவிட்டது. எதிரில் இருப்பது வங்கிதான் என்று காட்டும் மின்னணுச் சான்றிதழை நம்ப முடியவில்லை என்று ஒரே பிழைச்செய்தி ஓடிக்கொண்டிருந்தது.

மேனேஜர் வந்து நின்றார். "நேத்து வரைக்கும் ஓடுச்சு. நீங்க எதையாச்சும் மாத்துனீங்களா?"

"நான் தொடவே இல்ல சார்."

அவர் நம்பியதாகத் தெரியவில்லை.

சான்றிதழ் காலாவதியாகியிருக்கும் என்று பார்த்தேன். இல்லை. அதே முகவரியை பிரவுசரில் திறந்தால் பூட்டு அடையாளத்தோடு ஒழுங்காக வந்தது. மென்பொருளை எழுதிக் கொடுத்த தஞ்சாவூர்க்காரருக்கு போன் செய்தேன்.

"ஒண்ணுமில்லங்க. வர்ற சான்றிதழ அப்படியே எடுத்து ஜாவா நம்புற பட்டியல்ல சேத்துடுங்க, ஓடிடும்."

"யாரு குடுத்ததுன்னு பாக்காமயா?"

"வண்டியெல்லாம் நிக்குதுன்னீங்களே."

இவர் ஏன் இவ்வளவு அவசரப்படுகிறார் என்று எனக்கு அவர்மேலேயே சந்தேகம் வந்தது. சான்றிதழைத் திறந்து, அதற்கு உறுதி சொன்னது யார் என்று பார்த்தேன். வழக்கமான நிறுவனம் இல்லை. கேள்விப்படாத ஒரு பெயர். என் செல்போன் இணைப்பில் அதே முகவரியைத் திறந்தபோது பழைய பெயர் சரியாக வந்தது. ஆக, வங்கிக்கும் எங்களுக்கும் இடையில் புகுந்து வேறு சான்றிதழைக் காட்டுபவர் எங்கள் கட்டடத்துக்குள்ளேயே இருந்தார். பட்டியலில் எதையும் சேர்க்காமல், பணம் அனுப்புவதை நிறுத்தி வைத்தேன்.

சர்வர் அறையில் ஒரு புதுக் கறுப்புப் பெட்டி. அதன் மேல் அதே பெயர். முந்தின வாரம் நான் நாகூர் போய் லீவில் இருந்தபோது மாட்டியிருக்கிறார்கள்; சர்வரின் இணைப்பை முந்தின நாள் இரவுதான் அதன் வழியாகத் திருப்பியிருக்கிறார்கள். அலுவலகக் கம்ப்யூட்டர்கள் எல்லாவற்றிலும் அதன் சான்றிதழை ஏற்றியிருந்ததால் பிரவுசர்கள் சத்தம் போடவில்லை. ஜாவாவுக்குத் தனிப் பட்டியல் உண்டு, அதை மறந்துவிட்டார்கள்.

நேரே முதலாளியிடம் போனேன்.

"நான்தாம்மா போடச் சொன்னேன்," என்றார். "நம்ம கொள்முதல் விலை பக்கத்து மில்லுக்கு முன்னாடியே தெரிஞ்சிடுது. உள்ள இருந்து யாரோ சொல்றாங்க."

"அந்தப் பெட்டி எல்லாத்தையும் பிரிச்சுப் படிக்குமா சார்?"

"படிக்கும்னுதான் சொன்னாங்க."

"வங்கிக்குப் போறத மட்டும் பிரிக்காம விடச் சொல்லுங்க. அதுவரைக்கும் நான் பணம் அனுப்ப மாட்டேன்."

"சரிம்மா," என்றார். பிறகு பெட்டி மாட்டியவர்களைக் கூப்பிட்டுச் சொன்னார். அவர்கள் அந்த முகவரிக்கு விலக்குக் கொடுத்ததும் சர்வர் வங்கியோடு பேச ஆரம்பித்தது. ஜாவாவின் பட்டியலில் நான் எதையும் சேர்க்கவில்லை.

நான் எழுந்தபோது, "சென்னைக் கம்பெனிக்கெல்லாம் எதுக்கும்மா எழுதிப் போடுறீங்க? இங்க என்ன குறை?" என்றார்.

வேலை கேட்டு எழுதியதை நான் வீட்டில்கூடச் சொல்லியிருக்கவில்லை. அந்த வாரம்தான் ஆலையில் என் மேஜைக் கம்ப்யூட்டரிலிருந்து அனுப்பியிருந்தேன்.

"எல்லாரையும்தாம்மா பாக்கறேன், உங்கள மட்டும் இல்ல," என்றார், ஆறுதல் சொல்கிற குரலில்.

விலையை வெளியே சொன்னது யார் என்று கடைசிவரை தெரியவில்லை. பெட்டியும் கழற்றப்படவில்லை. சென்னையிலிருந்து நேர்காணல் அழைப்பு வந்தபோது, ஆலை கேட்டுக்கு வெளியே, நெல் டிராக்டர்களுக்கு நடுவில் நின்று என் போனில் பதில் அனுப்பினேன். அறுவடை முடிந்த கையோடு அங்கிருந்து விலகினேன்.