அஸ்தூரியன் என்று சொன்னவன்

தம்பிராசா ஒரு சொல்லுக்காகப் பெலாயோவின் வாயில் இரும்புச் சட்டியால் அடித்தார்.

2010, பாரிசில் லா சப்பல். வன்னியிலிருந்து வந்து ஏழு மாதம். ஓர் உணவகத்தில் களவாகக் கோப்பை கழுவினார். அகதி வழக்கு முடியவில்லை. பொலிசில் பெயர் விழுந்தால் எல்லாம் போய்விடும்.

விசாரணையில் அதிகாரி, மனைவி செத்ததற்கு ஆதாரம் கேட்டிருந்தார். பதுங்கு குழியிலேயே அவளை மண் போட்டு மூடிவிட்டு வந்தவரிடம் என்ன இருக்கும்? "ரியன்?" என்றார் அதிகாரி. ஒன்றுமில்லையா? அந்தச் சொல் மறக்கவில்லை. 'உன்னிடம் உண்டா' என்பதற்கு 'அஸ்-தூ' என்று பிரெஞ்சு வகுப்பில் எழுத்துக்கூட்டிப் படித்திருந்தார்.

பெலாயோ அன்றுதான் வேலைக்கு வந்த சமையற்காரன். அவன் பேச்சு ஸ்பானியம்போல் கேட்டது. தம்பிராசா நட்பாகத்தான் கேட்டார்: "எஸ்பன்யோல்?" ஸ்பானியனா?

பெலாயோ அவர் நெஞ்சில் விரலால் குத்தினான். "நோன்! அஸ்தூரியன்!"

உன்னிடம் ஒன்றுமில்லையா?

சட்டி இறங்கியது. இரண்டு பற்கள் தரையில் தெறித்தன. பெலாயோ இரத்தத்தைத் துப்பிவிட்டு, அவர் கழுத்தைப் பிடித்துக் கொதிநீர்த் தொட்டிக்குள் ஒரு பக்கத் தலையை அமுக்கினான். மற்றச் சமையற்காரன் இராயப்பு இழுத்துப் பிரித்தபோது தம்பிராசாவின் காது வெந்திருந்தது.

"விசரே அண்ணை உங்களுக்கு?"

"என்னட்டை ஒண்டுமில்லையோ எண்டு கேக்கிறான்."

"அவன் எங்கை கேட்டவன்! ஸ்பெயினுக்கு வடக்கிலை அஸ்தூரியாஸ் எண்டு ஒரு இடம். அங்கத்தை ஆக்கள் அஸ்தூரியன். அவையின்ரை பாஷைக்கும் அதுதான் பேர். அதை அரசகரும மொழியாக்கச் சொல்லி இப்பவும் கத்தினம். உங்களைச் சிங்களவனோ எண்டு கேட்டா விடுவியளே?"

தெருவில் யாரோ அழைத்துப் பொலிஸ் வந்துவிட்டது.

பெலாயோ துணியால் வாயைப் பொத்திக்கொண்டு சொன்னான்: வழுக்கி விழுந்தேன். அவர்கள் நம்பவில்லை. ஆனாலும் போய்விட்டார்கள்.

"ஏன் காட்டிக்குடுக்கேல்லை எண்டு கேள்," என்றார் தம்பிராசா. இராயப்பு கேட்டான். பதிலைக் கேட்டுச் சிரித்துவிட்டான்.

"முறைப்பாடு எழுதினா தன்னை எஸ்பன்யோல் எண்டெல்லோ பதிவாங்களாம்."

தம்பிராசாவுக்கும் சிரிப்பு வந்தது. அது முடிவதற்குள் பெலாயோவின் முட்டி அவர் மூக்கில் இறங்கியது. எலும்பு முறிந்த சத்தம் தலைக்குள் கேட்டது. பெலாயோ கை கழுவிவிட்டு வெங்காயம் வெட்டப் போனான்.

மறு வருடம் அகதி அந்தஸ்து கிடைத்தது. மூக்கு நேராகவில்லை. 2018இல் அவர் செத்து, பாரிசுக்கு வெளியே பொண்டியில் சவப்பெட்டியை மூடும்போதும் இடப்பக்கம் சாய்ந்துதான் இருந்தது.