கொதித்து ஆறிய தண்ணீரில் குமிழி வராது

விளக்கு எரிந்தது. செடி பச்சைப் பசேலென்று இருந்தது. குமிழி மட்டும் வரவில்லை.

சுங்கை பட்டாணியில் ஓர் இடைநிலைப்பள்ளி. அங்கே லேப் உதவியாளராக இருபத்து மூன்று ஆண்டுகள் இருந்தேன். அன்று ஐந்தாம் படிவ மாணவர்களுக்குப் பிரேமா டீச்சரின் உயிரியல் பாடம். பின் வரிசையில் ஓர் அதிகாரி மதிப்பீட்டுத் தாளும் பேனாவுமாக உட்கார்ந்திருந்தார். ஒப்பந்த ஆசிரியரான டீச்சருக்கு வேலை நிரந்தரமாவது அவர் எழுதுவதைப் பொறுத்தது.

டீச்சரை எனக்கு ரொம்பப் பிடிக்கும். சோதனை முடிந்ததும் பீக்கரை அலசிக் கையில் கொடுக்கிற ஒரே ஆசிரியர் அவர்தான். மற்றவர்கள் போட்டது போட்டபடி போய்விடுவார்கள். பெயர் சொல்ல மாட்டேன், சிலர் இன்னும் வேலையில் இருக்கிறார்கள்.

அவருக்காக நான் அன்று கூடுதலாகவே மெனக்கெட்டிருந்தேன். பெண்டாங் வாய்க்காலிலிருந்து ஹைட்ரில்லா என்னும் நீர்ச்செடியைப் புதிதாகப் பறித்து, மோட்டார் சைக்கிள் கூடையில் வைத்துக் கொண்டுவந்தேன். குழாய்த் தண்ணீர் கலங்கலாக வந்தது. எங்கள் வீட்டில் விருந்தாளிக்குப் பச்சைத் தண்ணீர் கொடுக்கும் வழக்கம் கிடையாது. செடியும் விருந்தாளிதானே என்று, நான் தேநீர் போடும் லேப் கெட்டிலில் கொதிக்க வைத்து, ஆற வைத்து, வடிகட்டி ஊற்றினேன். கண்ணாடி போல இருந்தது. எனக்கே பெருமை தாங்கவில்லை.

டீச்சர் பலகையில் எழுதியிருந்தார்: "ஒளி வினையில் கிடைப்பவை: ஆக்சிஜன், ஏ.டி.பி., என்.ஏ.டி.பி.எச்." அந்த ஆக்சிஜன்தான் குமிழியாக வர வேண்டும். விளக்கைக் கிட்டே நகர்த்தினார். ஒன்றும் இல்லை. அதிகாரி பேனாவைத் திறந்தார்.

டீச்சர் என் பக்கம் வந்து மெதுவாகக் கேட்டார். "அக்கா, தண்ணி எங்க புடிச்சீங்க?"

குழாய்த் தண்ணீர்தான் என்று சொல்லியிருக்கலாம். பொய்யும் இல்லை. ஆனால் அந்த முகத்தைப் பார்த்து அப்படிச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

"கொதிக்க வச்சிட்டேன் டீச்சர். சுத்தமா இருக்கட்டும்னுதான்..."

முன் வரிசைப் பிள்ளைகளுக்குக் கேட்டுவிட்டது. திட்டப் போகிறார் என்று நினைத்தேன். அவர் முகம் தெளிந்தது. மாணவர்கள் பக்கம் திரும்பி மலாய் மொழியில் விளக்கினார். ஒளி, செடிக்குள் தண்ணீரைப் பிளக்கிறது, ஆக்சிஜன் வெளியேறுகிறது. ஒளியின் சக்தியை ஏ.டி.பி.யும் என்.ஏ.டி.பி.எச்.சும் சர்க்கரை செய்யும் இடத்துக்குச் சுமந்து போகின்றன. சர்க்கரைக்குக் கார்பன் டை ஆக்சைடு வேண்டும். கொதிக்க வைத்ததில் அது தண்ணீரை விட்டுப் போய்விட்டது. சுமையை இறக்க இடமில்லை. அதனால் ஒளி இருந்தும் வேலை நின்றுவிட்டது.

என் அம்மா சிடாம் கிரி எஸ்டேட்டில் ரப்பர் மரத்தில் பால் வெட்டியவர். பால் ஏற்றும் லாரி வராத நாளில் நிறைந்த வாளிகளோடு பால் ஸ்டோரில் நின்றுகொண்டே இருப்பார். நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கவில்லை.

"வாளி காலியானாத்தானே டீச்சர், மறுபடி பால் எடுக்கப் போவ முடியும்?"

"அதேதான்லா அக்கா!"

இத்தனை ஆண்டுகள் அந்தச் சோதனைக்கு எல்லாம் எடுத்து வைத்தவள் நான். அது எனக்குப் புரிந்தது அன்றைக்குத்தான்.

சோடா உப்பை எடுத்துக் கொடுத்தேன். டீச்சர் ஒரு சிட்டிகை போட்டுக் கலக்கினார். அதிலிருந்து செடிக்குக் கார்பன் டை ஆக்சைடு கிடைக்குமாம். சில நிமிடங்களில் தண்டின் வெட்டு முனையிலிருந்து ஒரு குமிழி கிளம்பியது. பின்னாலேயே இன்னொன்று. பிள்ளைகள் சத்தம் போட்டு எண்ண ஆரம்பித்தார்கள். அதிகாரியும் எழுந்து வந்து குனிந்து பார்த்தார். தண்ணீரைக் கொதிக்க வைத்தது திட்டமிட்டுச் செய்ததா என்று கேட்டார்.

ஆமாம் என்று சொல்லியிருந்தால் டீச்சருக்கு நல்ல பெயர். அவர் தலையாட்டி மறுத்தார். "தவறுதான். அக்கா உடனே உண்மையைச் சொன்னதால் பாடம் பிழைத்தது" என்றார். அதிகாரி என்னை ஒரு தரம் பார்த்துவிட்டு ஏதோ எழுதினார்.

சில வாரங்களில் டீச்சருக்கு வேலை நிரந்தரமான கடிதம் வந்தது. கூடவே கடல் தாண்டிச் சபா மாநிலத்துக்கு மாற்றலும் வந்தது. சந்தோஷத்தில் அழுதேனா, வருத்தத்தில் அழுதேனா, எனக்கே தெரியாது.

லேப் வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: தப்பு செய்தால் உடனே வாயைத் திறந்து சொல்லிவிடுங்கள். நாம் சொன்னால்தான் மற்றவர்கள் சரிசெய்ய முடியும்.

டீச்சர் போன மறுநாள் தேநீர் போடக் கெட்டிலை எடுத்தேன். அவர் கையெழுத்தில் ஒரு லேபிள் ஒட்டியிருந்தது: "செடிக்கு இல்லை. அக்காவுக்கு மட்டும்."