மாமா வெட்டிய வழி

மாமா காலையில் குளித்துவிட்டு வந்தாரா இல்லையா என்பதை யாரும் அவரிடம் கேட்க வேண்டியதில்லை. மைன்ஸ் குட்டைத் தண்ணீர் உடம்பில் காய்ந்ததும் முழங்கையிலும் கணுக்காலிலும் வெள்ளையாகப் பூத்துவிடும். தலையைத் துவட்டும் பழக்கம் அவருக்குக் கிடையாது. ஈர வேட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு, துண்டைக் கட்டிக்கொண்டு, தெரு நடுவே சொட்டச் சொட்ட வருவார். அந்த வெள்ளைக் காலோடு வந்து அக்கா கூட்டிப் பெருக்கிய வாசலில் அவர் நிற்கும் காட்சிதான் இப்போதும் எனக்கு முதலில் நினைவுக்கு வருகிறது. "காலைக் கழுவிட்டு வாங்கன்னு எத்தன தடவ சொல்றது" என்று அக்கா கத்துவாள். "குளிச்சிட்டு வந்தவன் எதுக்குடி கால் கழுவணும்" என்பார் அவர். கல்யாணமான நாளிலிருந்து இந்தச் சண்டை நடந்துகொண்டிருந்தது.

அக்காவைக் கட்டிக்கொடுத்த ஊர் அரியலூருக்குப் பக்கத்தில் இருக்கிறது. அங்குள்ள பள்ளிக்கூடத்திலேயே எனக்கும் வேலை கிடைத்ததால், பாதி நாள் சாப்பாடு அக்கா வீட்டில்தான். ஊருக்குக் கிழக்கே இருந்த கரிசல் நிலத்தைச் சிமெண்டுக்குச் சுண்ணாம்புக்கல் எடுக்கக் கம்பெனி வாங்கியபோது, மாமாவின் நிலமும் கிணறும் அதோடு போய்விட்டன. கல் தீர்ந்ததும் எந்திரங்கள் வேறு பக்கம் போயின. தோண்டிய பள்ளத்தில் ஊற்றும் மழையுமாகத் தண்ணீர் ஏறிப் பச்சையாக நின்றது. மற்றவர்கள் அதை மைன்ஸ் குட்டை என்றார்கள். மாமா மட்டும் கடைசிவரை "நம்ம வயலு" என்றுதான் சொன்னார். மேட்டில் மிச்சமிருந்த ஒற்றை வேப்பமரத்தையும் மாரியம்மன் கோயில் கோபுரத்தையும் ஒரு நேராக வைத்துப் பார்த்து, தண்ணீரின் நடுவில் மிதந்தபடியே "இந்தா, எனக்குக் கீழதான் கெணறு" என்று கரையில் நிற்பவர்களிடம் கத்துவார். கேலி செய்வதாக நினைத்து எல்லோரும் சிரிப்பார்கள். அவர் கேலி செய்யவில்லை.

அந்தக் குட்டையின் குணம் வெளியூர்க்காரர்களுக்குத் தெரியாது. கல்லைப் படி படியாக வெட்டி எடுத்திருப்பதால், இறங்கினால் இடுப்பளவுதான் இருக்கும். தைரியமாக இன்னும் இரண்டு எட்டு வைத்தால் அந்தப் படி முடிந்துவிடும். அதற்குக் கீழே பனைமர ஆழம். எங்கள் பள்ளிக்கூடத்துப் பையன் ஒருவன் அப்படித்தான் போனான். அவனுடைய அம்மாவோடு நானும் கலெக்டர் ஆபீசுக்கு அலைந்தேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம், அது அப்போது உதவியது. கடைசியில் குட்டையைச் சுற்றிக் கம்பி வேலி போட்டு, உள்ளே இறங்கக் கூடாது என்று போர்டும் வைத்தார்கள். வேலி வந்த அன்று நான் அக்கா வீட்டில் பாயசம் வைக்கச் சொன்னேன். மாமா அதைத் தொடவில்லை.

ஒரு வாரம் வீட்டுக் குழாயடியில் குளித்துப் பார்த்தார். பிறகு ஒருநாள் வெள்ளைக் காலோடு வாசலில் வந்து நின்றார். வேப்பமரத்துக்கு நேரே, ஓர் ஆள் குனிந்து போகும் அளவுக்கு வேலியை வெட்டியிருந்தார். ஒளிவுமறைவு எதுவும் இல்லை. ஊரே பார்க்கத்தான் வெட்டினார். நான் சண்டைக்குப் போனேன். "டீச்சரு, நான் கையெழுத்துப் போட்டுக் குடுத்தது நெலத்த. தண்ணிய யாருக்கும் எழுதிக் குடுக்கல" என்றார். "நீங்க நீந்துவீங்க மாமா. உங்க பின்னாடி வர்றவங்க?" என்று கேட்டேன். "பின்னாடி வர்றவன் கண்ணத் தொறந்துகிட்டு வரட்டும். ஊர்ல ஒருத்தனுக்கு நீந்தத் தெரியலன்னா, தெரிஞ்சவனையும் கட்டிப் போடுவியா?" என்றார். அவர் சொன்னதில் ஒரு நியாயம் இருந்தது என்பதுதான் எனக்கு அப்போது எரிச்சல். நிலத்தைக் கொடுக்கிறாயா என்று அவரைக் கேட்டவர்கள், கொடுக்காவிட்டாலும் எடுத்துக்கொள்வோம் என்ற தோரணையில்தான் கேட்டார்கள். பறிபோன இடத்தில் நாளுக்கு ஒரு முறை முங்கி எழுவதுதான் அவருக்கு மிச்சமிருந்த உரிமை. அதைப் பிடுங்க வந்தவளாகக் கொழுந்தியாள் நான் நின்றேன்.

கம்பெனி ஆட்கள் வெட்டிய இடத்தை இரண்டொரு முறை கம்பி வைத்துக் கட்டினார்கள். மாமா மறுபடி வெட்டினார். அப்புறம் அவர்களும் விட்டுவிட்டார்கள். ஒருவர் குனிந்து போன வழியில் ஊரே குனிந்து போகத் தொடங்கியது. கோடையில் குழாயில் தண்ணீர் வராத நாட்களில் பெண்கள் துணி மூட்டையோடு அதே வழியில் போனார்கள். என் பேச்சை மதித்து ஒதுங்கியிருந்தவர்கள்கூட, "போர்டு கெடக்கட்டும் டீச்சர், அழுக்குத் துணி போர்டப் பாத்துட்டா இருக்கும்?" என்று என்னையே மடக்கினார்கள். உண்மையைச் சொன்னால் எனக்கும் சலித்துவிட்டது.

தெற்குத் தெருவில் ஒரு பையனுக்கு ஆண்டிமடம் பக்கத்திலிருந்து பெண் எடுத்திருந்தார்கள். முந்திரிக் காட்டு ஊரில் வளர்ந்தவள்; குளம், ஆறு என்று இறங்கிப் பழக்கமில்லாதவள். மற்ற பெண்களோடு துணி துவைக்கப் போனாள். அலசிய சேலை ஒன்று கைநழுவித் தண்ணீரோடு போயிருக்கிறது. இடுப்பளவுதானே என்று எட்டிப் பிடிக்கப் போனவள் படியின் விளிம்பைத் தாண்டிவிட்டாள். பெண்கள் போட்ட கூச்சல் பள்ளிக்கூடம் வரை கேட்டது. நான் ஓடிப்போய்ச் சேர்வதற்குள் மாமா குதித்திருந்தார். வேப்பமரத்தையும் கோபுரத்தையும் பார்த்து, இடம் கணக்கிட்டு, முங்கி முங்கித் தேடினார். அந்தத் தரை அவருக்கு மட்டும்தான் தெரியும். அவளைத் தூக்கிக்கொண்டு வந்து கரையில் கிடத்தியபோது உயிர் இல்லை. புதுத் தாலிக் கயிற்றின் மஞ்சள்கூட மங்கவில்லை. மாமா பக்கத்திலேயே உட்கார்ந்து, அவள் முகத்தில் ஒட்டியிருந்த முடியை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டுக்கொண்டிருந்தார். யார் சொல்லியும் எழுந்திருக்கவில்லை.

போலீஸ் வந்தது. வேலியை வெட்டியது யார் என்று எஸ்.ஐ. கேட்டார். ஊர் முழுக்க அங்கே நின்றது, ஒருவரும் வாய் திறக்கவில்லை. பஞ்சாயத்துத் தலைவர்தான், "லாரிக்காரனுங்க குளிக்க வருவானுங்க சார். அவனுங்க வேலையாத்தான் இருக்கும்" என்றார். கூட்டத்திலிருந்து மாமா எழுந்து வந்தார். "நான்தாங்க வெட்டினேன். என்னக் கூட்டிட்டுப் போங்க" என்றார். அக்கா என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். அப்போது அந்தப் பெண்ணின் புருஷன், அழுது வீங்கிய முகத்தோடு, குறுக்கே வந்தான். "அவரு இல்ல சார். அவருதான் குதிச்சித் தூக்கிட்டு வந்தாரு. அவர ஒண்ணும் கேக்காதீங்க" என்றான். எஸ்.ஐ. இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். தவறி விழுந்த சாவு என்று எழுதிக்கொண்டு போய்விட்டார்கள். அன்று மாமாவை ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போயிருந்தால் அவர் கொஞ்சமாவது பிழைத்திருப்பார் என்று நான் இன்றைக்கும் நினைக்கிறேன். ஊர் அவரைக் காப்பாற்றிவிட்டது. அதை அவரால் தாங்கிக்கொள்ள முடியவில்லை.

கருமாதி முடிந்த மறுநாள் கம்பியும் குறடும் எடுத்துக்கொண்டு போய் அந்த வழியை அவரே அடைத்தார். அடைத்ததோடு விடவில்லை. காலையும் மாலையும் அங்கே போய் நின்று, வருகிறவர்களையெல்லாம் திருப்பி அனுப்பினார். துணி மூட்டையோடு வந்த பெண்கள் சும்மா விடுவார்களா? "நீ குளிச்சப்ப தெறந்து கெடந்துச்சு. நீ நிறுத்துனதும் ஊருக்கே பூட்டா?" என்று முகத்துக்கு நேரே கேட்டார்கள். போலீசிடம் அவரைக் காட்டிக்கொடுக்காத அதே ஊர், இதற்காக அவரோடு பேச்சை நிறுத்திக்கொண்டது. வாதத்தில் என்னையே வாயடைக்க வைத்த மனிதர், "வேணாம்மா, போயிடுங்க" என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டு நின்றார். கடைசியில் கம்பெனியே மதில் எழுப்பி, இரும்புக் கேட் வைத்து, அந்தப் பெண்ணின் புருஷனுக்கே அங்கே காவலாள் வேலையும் கொடுத்தது. அதற்கப்புறம் மாமா கிழக்குப் பக்கம் போகவே இல்லை. குழாயடியில் இரண்டு சொம்பு ஊற்றிக்கொண்டு, காலைத் தேய்த்துக் கழுவிக்கொண்டு வீட்டுக்குள் வருவார். அந்தச் சுத்தமான காலைப் பார்க்கத்தான் அக்காவால் முடியவில்லை.

போன வருஷம் மக்காச்சோளம் அறுத்து முடித்த சமயத்தில் மாமா தூக்கத்திலேயே போய்விட்டார். மறுநாள் சுடுகாட்டில் காடாத்து முடித்து, சாம்பலைச் சட்டியில் அள்ளி மஞ்சள் துணியால் கட்டிக் கொண்டுவந்தார்கள். வெளியூரில் வேலை பார்க்கும் அக்கா மகன், "அப்பாவ அந்தத் தண்ணியிலதான் கரைக்கணும். வேற எங்கயும் ஒத்துக்க மாட்டேன்" என்றான். எனக்கும் அதுவே சரியென்று பட்டது. புருஷனைப் பறிகொடுத்தவள் அதற்குள் வாசலைத் தாண்டக் கூடாது என்று பெரியவர்கள் முனகினார்கள். அக்கா காதில் வாங்காமல் சட்டியை மடியில் வைத்துக்கொண்டு வேனில் ஏறி உட்கார்ந்துவிட்டாள்.

குட்டைக் கேட்டில் காவலுக்கு அந்தப் பெண்ணின் புருஷன்தான் நின்றுகொண்டிருந்தான். எங்களைக் கண்டதும் தொப்பியைக் கழற்றினான். உள்ளே யாரையும் விடக் கூடாது என்பது கம்பெனி உத்தரவு. விட்டது தெரிந்தால் அவன் வேலை போகும். அக்கா மகன் விஷயத்தைச் சொன்னான். அவன் இடுப்பிலிருந்த சாவியை எடுத்துப் பூட்டில் நுழைத்தான். "சீக்கிரமா போயிட்டு வந்துடுங்க. யாரு கேட்டாலும் நான் சொல்லிக்கிறேன்" என்றான்.

"பூட்டுப்பா" என்றாள் அக்கா.

எங்கள் யாருக்கும் முதலில் புரியவில்லை. அவள் வேனைவிட்டு இறங்கவே இல்லை. "அவரு நின்னு ஊரையே மறிச்ச எடம் இது. அவருக்குன்னு தெறந்தா நல்லாருக்காது. உன் பொழப்ப வேற கெடுத்துக்காத. பூட்டு." மகன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். அவள் அவனைப் பார்த்த பார்வையில் அடங்கிவிட்டான். வேலி கேட்டு அலைந்தவள் நான். அந்த மதில் எழுந்தபோது மனசுக்குள் நிம்மதிப்பட்டவளும் நான்தான். ஆனால் அன்றைக்கு அக்கா காலைப் பிடித்துக்கொண்டு, ஒரே ஒரு தடவை, இந்த ஒரு தடவை மட்டும் என்று கெஞ்ச வேண்டும் போலிருந்தது எனக்கு. காவலுக்கு நின்றவன் சாவியை உருவிக்கொண்டு, கேட்டில் தலையைச் சாய்த்து அழுதான். வேன் திருமானூர்ப் பக்கம் திரும்பியது.

கொள்ளிடத்தில் எங்கே பார்த்தாலும் மணல்தான். வெகு தூரம் நடந்து போன பிறகு ஓரமாக ஒரு வாய்க்கால் அளவுக்குத் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. முங்கி எழக்கூட ஆழமில்லை, கணுக்கால்தான் நனைந்தது. மகன் சட்டியைக் கவிழ்த்தான். சாம்பல் போகாமல் எங்கள் கால்களைச் சுற்றியே நின்றது. அக்கா குனிந்து, இரண்டு கையாலும் அதை மெல்லத் தள்ளிவிட்டாள்.

"போங்க" என்றாள். "இங்க யாரும் மறிக்க மாட்டாங்க. போங்க."