பிராந்திக்கும் போவுது

தங்கச் சுரங்க ஊரான சாம்பியன் ரீப்ஸில் நேசமணியைத் தெரியாதவர்கள் குறைவு. சர்ச் சபையின் பெண்கள் சங்கத்துக்குப் பதினோரு வருஷம் செயலாளர். வீட்டில் பிளவுஸ் தைத்துப் பிழைப்பு. கணவர் டைட்டஸ், சுரங்கம் மூடும்வரை கீழே பாறையில் துளை போட்டவர். அந்தத் தூசி நெஞ்சிலேயே தங்கிவிட்டது. இனி வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று பெங்களூர் ஆஸ்பத்திரியில் சொல்லி அனுப்பிவிட்டார்கள். படுத்தால் மூச்சு முட்டும். சுவரில் சாய்ந்தபடி உட்கார்ந்தே இருப்பார்.

சனிக்கிழமைதோறும் நேசமணி அவருக்கு ஒரு பாக்கெட் பிராந்தி வாங்கி வருவாள். அதைக் குடித்தால் இரண்டு மூன்று மணி நேரம் இருமாமல் தூங்குவார். வாரத்தில் அவருக்குக் கிடைத்த நல்ல தூக்கம் அவ்வளவுதான்.

போன வருஷம் டிவியில் ஒரே வாக்குவாதம். பெண்களுக்கு அரசாங்கம் மாதாமாதம் போடும் இரண்டாயிரத்தைப் பணமாகவே தரலாமா, இல்லை அரிசி, பருப்பு, மருந்து மட்டும் வாங்க முடிகிற கார்டாகத் தரலாமா என்று. கட்சிக்காரர் ரவிகுமார், ரேஷன் கடை வரிசையில் போனில் வீடியோ எடுத்தபடி ஒவ்வொருவராகக் கேட்டுக்கொண்டு வந்தார். முன்னால் நின்றவர்கள் ஸ்கூல் ஃபீஸ், கேஸ் சிலிண்டர் என்று சொன்னார்கள்.

"அக்கா, உங்களுக்கு அந்தப் பணம் இன்னாத்துக்குப் போவுது?"

"அரிசிக்கு, கரண்டு பில்லுக்கு, மாத்திரைக்கு." நேசமணிக்குப் பொய் வராது. "பிராந்திக்கும் போவுது. எங்க வீட்டுக்காரரு தூங்கணுமில்ல?"

வீடியோவில் கடைசி வாக்கியம் இல்லை. அன்றைக்கே அது எல்லார் போனிலும் ஓடியது. டிவியில் ஒருவர் அதைக் காட்டி, "இதுக்குத்தான் கார்டு வேணும்ங்கிறோம்" என்றார். பங்காருபேட்டையிலிருந்து சொந்தக்காரர்கள் கூப்பிட்டுத் திட்டினார்கள்.

சங்கத் தலைவி வினோலியா வீட்டுக்கே வந்தாள். "கொஞ்ச நாளைக்கு நீங்க செயலாளரா இருக்க வேணாங்கக்கா. சபைக்குக் கெட்ட பேரு வருது."

"ஒரு நாள் வந்து அவரு பக்கத்துல உக்காந்து பாருங்க, வினோலியா. அப்புறம் சொல்லுங்க."

வினோலியா எழுந்து போனாள்.

அடுத்த சனிக்கிழமை பிராந்திக் கடை வாசலில் ஒருவன் நேசமணியைப் பார்த்ததும் போனைத் தூக்கினான். அவள் வெறுங்கையோடு திரும்பினாள். டைட்டஸிடம் நடந்ததைச் சொன்னாள்.

"வுடு நேசா," என்றார் அவர். "பழகிக்கிறேன்."

பழகவில்லை. பிராந்தி கேட்கவும் இல்லை. ஆறு வாரம் உட்கார்ந்தபடி இருமியே செத்துப்போனார்.

அடக்கத்துக்கு ரவிகுமார் மாலையோடு வந்தார். "நான் பேசுனத முழுசாப் போட்டிருக்கலாமேப்பா," என்றாள் நேசமணி.

"நீளமா இருந்தா யாரும் பாக்க மாட்டாங்கக்கா."

கார்டு இன்றுவரை வரவில்லை. டிவிக்காரர்கள் வேறு சண்டைக்குப் போய்விட்டார்கள். இரண்டாயிரம் பழையபடி பணமாகவே வருகிறது. சங்கத்துக்குத் திரும்பக் கூப்பிட்டார்கள், நேசமணி போகவில்லை.

"அவங்க பேசுனாங்க, அது அவங்க பொழப்பு," என்கிறாள் தையல் மெஷினிலிருந்து தலை தூக்காமல். "நான் எதுக்கு அன்னிக்கு வெறுங்கையோட திரும்பி வந்தேன்?"