அடிக்கு ஏற்ற சாறு

நாகலூர்ப் பக்கத்துக் காப்பி எஸ்டேட்டில், கூலிக்காரர்கள் குடியிருந்த பதினெட்டு வீட்டு லைனில் பூவாயியின் கைப்பக்குவம் என்றால் சாறுதான். விருந்துக்கு வைத்த சாறு என்று நினைத்துவிட வேண்டாம், அடிபட்டவர்களுக்கு வைத்த சாறு. முதுகில் கம்பு விழுந்திருந்தால் கொள்ளுச் சாறு. நெஞ்சில் மிதி வாங்கி இருமினால் நெஞ்செலும்புச் சாறு, மிளகு தூக்கலாக. பல் போயிருந்தால் அதே சாறு, மிளகு இல்லாமல், வெதுவெதுப்பாக. கால் முறிந்தால் ஆட்டுக்காலும் முடவாட்டுக்கால் கிழங்கும். பங்களாவில் துரைக்கு என்ன சூப்பு என்பதை பட்லர் முடிவு செய்தான். லைனில் என்ன சாறு என்பதை அங்கப்பன் மேஸ்திரியின் கம்பு முடிவு செய்தது.

அந்த மனிதனை என்னவென்று சொல்வது! அரூர்ப் பக்கம் மழை பொய்த்த வருஷம் ஆள் சேர்த்து மலைக்குக் கூட்டி வந்தவன் அவன்தான். பூவாயியும் அவள் புருஷன் வேடியப்பனும் அந்தக் கூட்டத்தோடு நடந்தே மலை ஏறியவர்கள். கீழே இருந்தவரை மாமா, மச்சான் என்று தோளில் கை போட்ட அங்கப்பன், எஸ்டேட் கேட்டைத் தாண்டியதும் காப்பிக் கம்பு ஒன்றை வெட்டிச் சீவிக்கொண்டான். காலையில் ஆள் எண்ணும் பெரட்டுக்குப் பிந்தினால் அடி. பழத்தோடு இலை சேர்ந்து கூடையில் விழுந்தால் அடி. காரணம் கிடைக்காத நாளில், என்னடா முறைக்கிறாய் என்று அடி. வந்த முதல் மாதத்திலேயே சித்தன் என்பவனுக்கு ஒரு காது கேட்காமல் போனது.

பூவாயி பார்த்துக்கொண்டு சும்மா இருக்கிற பிறவி இல்லை. கரடியூர் மலைக்காரி குப்பாயியோடு சிநேகம் பிடித்து, பாறையில் ரோமம் போர்த்து ஒட்டிக் கிடக்கும் முடவாட்டுக்கால் கிழங்கை அடையாளம் தெரிந்துகொண்டாள். எவ்வளவு கிழங்குக்கு எவ்வளவு மிளகு, எவ்வளவு நேரம் கொதி என்பதையெல்லாம் தானே வைத்துப் பார்த்துத் தேறினாள். ஆனால் பக்குவத்தை ஒருத்தருக்கும் சொல்ல மாட்டாள். பக்கத்து வீட்டு ராசம்மாள் எட்டிப் பார்த்தால் சட்டியை மூடிவிடுவாள். அதில் அவளுக்கு ஒரு கர்வம். இருக்கட்டுமே, லைனில் கர்வப்பட வேறென்ன இருந்தது? பத்து நாள் கிடக்க வேண்டியவன் அவள் சாறு குடித்தால் நாலாம் நாள் எழுந்து கூடை தூக்கினான்.

அது அங்கப்பனுக்கும் தெரியும். எவனையாவது வெளுத்துவிட்டால், பங்களாச் சமையலில் மிஞ்சிய எலும்பை அவனே பூவாயிக்குக் கொடுத்தனுப்புவான். மனசாட்சி கொஞ்சம் மிச்சம் இருக்கிறது போல என்று அவள் நினைத்தாள். அப்படி நினைத்ததற்காகப் பிற்பாடு தன்னைத்தானே திட்டிக்கொண்டது கொஞ்சநஞ்சமல்ல.

1924ஆம் வருஷம், தை மாதம், பழம் பறிப்பு மும்முரம். நிறைமாதக்காரி ராசம்மாள் சரிவில் வழுக்கிக் கூடையைக் கொட்டிவிட்டாள். கம்பு அவள் வயிற்றுக்கு நேராக இறங்கியபோது வேடியப்பன் குறுக்கே பாய்ந்து அதைப் பிடித்துக்கொண்டான். திருப்பி அடிக்கவில்லை, பிடித்தான், அவ்வளவுதான். அங்கப்பனின் ஆட்கள் இரண்டு பேர் அவனை மல்லாத்தி, வலது காலைத் தூக்கி ஒரு கல்மேல் வைத்து அமுக்கினார்கள். அங்கப்பன் மண்வெட்டிக் காம்பை எடுத்தான். முழங்காலுக்குக் கீழே மூன்று அடி. மூன்றாவதில் எலும்பு ஒடிந்த சத்தம் மேல் வரிசையில் பறித்துக்கொண்டிருந்தவர்களுக்கே கேட்டது.

பூவாயி மூங்கில் பத்தை வைத்துக் காலைக் கட்டினாள். இரண்டாம் நாள் காலையில் சாறு சுண்டி, இறக்கும் பதத்தில் கொதித்துக்கொண்டிருந்தபோது அங்கப்பனே வீட்டுக்குள் வந்தான்.

"ஆளு எப்ப எந்திரிப்பான்?"

"எலும்பு ஒடிஞ்சிருக்குதுங்க. நாப்பது நாளு சாறு குடிச்சுப் படுத்துக் கெடந்தாத்தானுங்க கூடும். அதுக்குள்ள ஊனுனா அப்புறம் காலே இல்லீங்க."

"நாப்பது நாளா? பழம் செடியிலயே அழுகோணுமாக்கும்? திங்கக்கெழமை பெரட்டுல நிக்கோணும். இல்லீன்னா ஊட்டைக் காலி பண்ணு."

சொல்லிக்கொண்டே கட்டுப்போட்ட காலை எட்டி உதைத்தான். வேடியப்பன் அலறினான். அங்கப்பன் சிரித்தான்.

"கத்தாதடா. பூவாயி சாறு இருக்கறப்ப உனக்கென்ன? ஏம்புள்ள, நெசத்தைச் சொல்லட்டா? நீ இருக்கற தைரியத்துலதான் நான் இப்படி அடிக்கறேன். மத்த எஸ்டேட்டு மேஸ்திரியெல்லாம் ஆளு படுத்துக்குவானோன்னு பயந்து பயந்து அடிக்கறானுங்க."

பங்களா எலும்பு எதற்கு வந்தது என்று அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. இத்தனை நாள் தான் கொடுத்த சாறு அத்தனையும் அடுத்த அடிக்கு ஆள் தயார் செய்த சாறு! அடுப்பில் இருந்தது அன்றைக்கு வேடியப்பன் குடிக்க வேண்டியது. இன்னொரு சட்டிக்கு வீட்டில் எலும்பும் இல்லை, கிழங்கும் இல்லை. தெரிந்தேதான் துணியைச் சுற்றிச் சட்டியைத் தூக்கினாள். தெரிந்தேதான் அவன் மூஞ்சியில் வீசினாள்.

அவன் ஊளையிட்டபடி வாசலில் விழுந்து புரண்டான். முகத்தோல் கையோடு வந்தது. ஓடி வந்த ஆட்கள் பூவாயியை முடியைப் பிடித்து இழுத்துப் போட்டு மிதித்தார்கள். வேடியப்பன் தரையில் தவழ்ந்துபோய் ஒருத்தன் கணுக்காலைக் கடித்துக் கிழித்தான்.

மறுநாள் போலீஸ் அவள் கையைக் கயிற்றால் கட்டி லைன் வழியாக நடத்திப் போனது. ராசம்மாள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு கூடவே ஓடினாள். பூவாயிக்கு ஜெயில் பயமில்லை. புருஷன் கால் போய்விடுமே என்பதுதான் பயம். தொண்டை கிழியக் கத்தினாள்.

"ராசம்மா, கேட்டுக்கோ! கெழங்கு மேல இருக்கற மசுரைச் சுத்தமாச் செரைச்சுப் போடு. உள்ளங்கை அகலம் போதும். பதினஞ்சு மொளகு, சீரகம், நாலு பல்லு பூண்டு, ஒரு புடி சின்ன வெங்காயம், எல்லாம் வெச்சு ஒரல்ல நைய இடி!"

கான்ஸ்டேபிள் வாயில் அறைந்தான். ரத்தத்தைத் துப்பிவிட்டு அவள் தொடர்ந்தாள்.

"ஆட்டுக்கால் கெடைச்சா தீயில வாட்டிச் சொரண்டி ஒடைச்சுப் போடு! எட்டுச் சொம்பு தண்ணி மூணு சொம்பாச் சுண்டோணும்! அவசரப்படாத கண்ணு! உப்பு எறக்கறப்பத்தான்!"

லைன் பெண்கள் அத்தனை பேரும் வாசலில் நின்று கேட்டார்கள். திங்கட்கிழமை பெரட்டில் ஒரு தலைகூட இல்லை; லைனே வேலைக்குப் போகவில்லை. பழம் உதிரும் காலத்தில் மொத்த லைனையும் விரட்ட துரைக்குத் தைரியம் வரவில்லை. ஒரு கண் போன அங்கப்பன் ஊருக்கே திரும்பிப் போனான்.

ஒன்றரை வருஷம் கழித்து பூவாயி சேலம் ஜெயிலை விட்டு வெளியே வந்தபோது எதிரே வேடியப்பன் நின்றிருந்தான். அவள் அவன் முகத்தைப் பார்க்கவில்லை.

"நடங்க பாக்கலாம்."

நாலு எட்டு வைத்துக் காட்டினான். வலது பாதம் கொஞ்சம் வெளியே திரும்பியிருந்தது, ஆனால் ஊன்றியது.

"மலையிலிருந்து நடந்தேதான் எறங்கி வந்தேன் புள்ள."

அவள் ரோட்டிலேயே உட்கார்ந்து அழுதாள். அழுது முடித்து, புது மேஸ்திரி எப்படி என்று கேட்டாள்.

"கம்பு வெச்சிருக்கறான். ஆனா இப்பப் பதினெட்டு ஊட்டுலயும் சாறு கொதிக்குதில்ல? யாரு ஊட்டுக்குள்ளயும் காலு வெக்கறதில்ல. வாசல்ல நின்னு, 'ஏனுங்க'ன்னுதான் கூப்புடறான்."