கேரியர் இருசம்மாள்

என் அத்தை இருசம்மாள் மூங்கில்துறைப்பட்டு சர்க்கரை மில் வாசலில் கேரியரில் கொண்டுவந்து இட்லி விற்றவள். இடஒதுக்கீடு கேட்டு ரோடெல்லாம் மரத்தை வெட்டிச் சாய்த்த வருஷம், ஒரு புளியங்கிளை சின்னக்கண்ணு சித்தப்பாவின் தொடையில் விழுந்தது. தம்பிக்கு ரத்தம் கொடுக்க அத்தை மாட்டுவண்டியில் கள்ளக்குறிச்சிக்குப் போனாள்.

சோதித்துப் பார்த்த டாக்டரம்மா, "உங்க ரத்தம் வேணாம்மா. நீங்க கேரியர்" என்றார்.

"ஆமாங்க, நாலு அடுக்கு. உங்களுக்கு யாருங்க சொன்னா?"

டாக்டரம்மா சிரிக்காமல் விளக்கினார். காமாலைக் கிருமி ரத்தத்தில் குடியிருக்கிறது, அத்தையை ஒன்றும் செய்யவில்லை, இட்லியில் பரவாது. ரத்தம் கொடுக்கக் கூட வந்து பின்னால் நின்றவர், மில் எதிரே மெஸ் வைத்திருந்த கந்தசாமி; அவருக்கு முதல் வரியே போதுமாக இருந்தது. அத்தை ஊர் திரும்புவதற்குள் மில் வாசலுக்குச் செய்தி வந்துவிட்டது.

"இருசம்மா கேரியர்ல காமாலை இருக்குதாம்பா."

இட்லி மாட்டுக்குப் போனது. இரக்கப்பட்டவர்கள், "புளி போட்டு நல்லாத் தேயேன் இருசு" என்றார்கள். நான் கந்தசாமியின் சைக்கிளில் காற்றைப் பிடுங்கிவிட்டு வந்து பெருமையாகச் சொன்னேன்.

"காத்து இன்னாத்துக்குடா? எனக்கு அவன் வாய்தான் வேணும்," என்றாள் அத்தை.

மூன்று வருஷம் கரும்பு வெட்டிக்கொண்டே காத்திருந்தாள். மண்டல் மண்டல் என்று ரேடியோ கத்திய வருஷம் கந்தசாமிக்குக் கண் மஞ்சளாகி வயிறு ஊதியது. "அவ இட்லிய எப்பவோ தின்னேன், அதான்," என்று அப்போதும் சொன்னார்.

அந்தச் சமயத்தில் மெட்ராஸிலிருந்து ஆராய்ச்சி செய்கிறவர்கள் வந்தார்கள். கிருமியைச் சும்மா சுமக்கிறவர்களிடமும், நோயில் விழுந்தவர்களிடமும் இருப்பது ஒரே கிருமிதானா என்று பார்க்க வேண்டுமாம். அத்தையும் கந்தசாமியும் ரத்தம் கொடுத்தார்கள். அத்தை கையை நீட்டிய வேகத்தைப் பார்த்தால் அறையப் போகிறாள் என்று தோன்றும்.

முடிவு வந்ததும் மணிமொழி என்கிற ஆராய்ச்சிக்காரம்மா இருவரையும் உட்காரவைத்துச் சொன்னார். "கிருமி பேரு ஒண்ணுதான். உள்ள இருக்கிற மரபணு எழுத்து நிறைய வித்தியாசம். உங்களுது வேற வகை, ஐயா. இவங்ககிட்டேருந்து வரலை."

"அப்புறம் எங்கேருந்துங்க வந்துச்சு?" என்றார் கந்தசாமி.

"ஊசியா இருக்கலாம், சவரக்கத்தியா இருக்கலாம். தெரியலைங்க."

அத்தை எழுந்தாள். "நாளைக்குச் சங்கு ஊதறப்ப வாசலுக்கு வாங்கண்ணே. இல்லன்னா இந்தம்மாவ உங்க மெஸ்ஸுக்கே கூட்டிக்கினு வந்து சொல்ல வைப்பேன்."

வந்தார். ஷிஃப்ட் முடிந்து கூட்டம் வெளியே வந்தது.

"எனக்கு வந்தது இருசம்மா காமாலை இல்ல," என்றார், வேட்டியைப் பார்த்தபடி.

"சத்தமா. மூணு வருசம் சத்தமாத்தானே சொல்லிக்கினு இருந்த?"

சத்தமாகச் சொன்னார். மூச்சு வாங்கியது. அத்தை கேரியரைத் திறந்து இலை போட்டாள்.

"உட்காரு. எல்லாரும் பாக்கத் தின்னு."

தின்றார். அவர் இலைக்கு மட்டும் மிளகாய் சேர்க்காத சட்னி. ஏன் என்று கேட்டேன், கரண்டியை ஓங்கினாள். ட்ராக்டர்காரன் ஒருவன் தயங்கி வந்து பக்கத்தில் உட்கார்ந்தான். பின்னால் இன்னும் இரண்டு பேர்.

கந்தசாமி கை கழுவிவிட்டு, "போதுமா இருசம்மா?" என்றார்.

"நாளைக்கு ராத்திரி ஷிஃப்ட்டுக்கு வந்துடு," என்றாள் அத்தை. "அவங்க இன்னும் கேக்கலியே."